பதற்றத்துக்கான மாத்திரை: வருஷக்கணக்கில் எடுத்துவிட்டு திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? படிப்படியாக விடுவது எப்படி?

வீட்டில் ஒரு துக்கம், வேலையில் நெருக்கடி, கொரோனா காலத்துத் தூக்கமின்மை... காரணம் எதுவாக இருந்தாலும் தொடக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "ராத்திரி அரை மாத்திரை போட்டுக்கோங்க, பத்து நாள்ல சரியாயிடும்." அந்தப் பத்து நாள் ஒரு மாதமாகிறது, ஒரு மாதம் ஒரு வருஷமாகிறது. மருந்துச்சீட்டு மடிப்பில் கிழிந்துபோன பிறகும் மாத்திரை மட்டும் தொடர்கிறது.

பிறகு ஒருநாள் யாரோ பயமுறுத்துகிறார்கள். அல்லது ஒரு வீடியோ கண்ணில் படுகிறது. "இனிமே இந்தச் சனியனே வேண்டாம்" என்று அட்டையோடு குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். முதல் நாள் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு, மூன்று நாளில் கை நடுங்குகிறது, தூக்கம் அறவே போகிறது, நெஞ்சு படபடக்கிறது. "பாத்தியா, மாத்திரை இல்லாம உன்னால இருக்க முடியாது" என்று வீட்டில் சொல்ல, மறுபடியும் மெடிக்கல் ஷாப் வாசலில் போய் நிற்கிறார்கள்.

உண்மையில் தவறு, நிறுத்த நினைத்ததில் இல்லை. நிறுத்திய வேகத்தில்தான் இருக்கிறது. பல மாதங்களாக எடுத்துவரும் இந்த வகை மாத்திரையை ஒரே நாளில் விட்டால், சிலருக்கு வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து உண்டு. அதே மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பலரால் முழுமையாக வெளியே வர முடியும். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாத்திரைகளைப் பற்றிய பேச்சு இது?

பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதல் வகை, பென்சோடயஸிபைன். அல்பிரஸோலம், குளோனஸிபாம், லோராசிபாம், டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு எல்லாம் இந்தக் குடும்பம்தான். எடிஸோலம் வேதியியல் அமைப்பில் கொஞ்சம் வேறு என்றாலும் வேலை செய்யும் விதம் இதேதான். போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் மனசு அடங்கும், தூக்கம் வரும். அதனால்தான் இவற்றை விடுவதும் கஷ்டம்.

இரண்டாவது வகை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மருந்துகள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பாராக்ஸிடின் போன்றவை. இவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நீண்ட காலப் பதற்றத்துக்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இந்தியாவில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பது இங்கே சாதாரணம். எஸ்சிட்டலோபிராமுடன் குளோனஸிபாம், புரோப்ரனலாலுடன் அல்பிரஸோலம் என்று பல கலவைகள் உண்டு. "நான் தூக்க மாத்திரை எல்லாம் எடுக்கறதில்ல, டென்ஷனுக்கு ஒண்ணுதான் போடறேன்" என்று சொல்பவரின் மாத்திரைக்குள்ளேயே பென்சோடயஸிபைன் இருக்கலாம். அதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்துமே ஒரே நேரத்தில் பாதியாகிவிடும். புரோப்ரனலாலையும், குறிப்பாக இதய நோய் உள்ளவர்கள், திடீரென நிறுத்தக் கூடாது. அதனால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படிப்பதுதான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் 'காபா' என்ற ரசாயனம் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது இதன் வேலை. பென்சோடயஸிபைன் இந்தக் காபாவின் பலத்தைக் கூட்டிவிடுகிறது. அதனால் பதற்றம் தணிகிறது, தசைகள் தளர்கின்றன, தூக்கம் வருகிறது.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. பொங்கல் விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். மாத்திரை ஒரு பக்கம் அமைதியை நோக்கி இழுக்கிறது. நாள் செல்லச் செல்ல, சமநிலையைக் காப்பாற்ற மூளை மறுபக்கம் விழிப்பை நோக்கி இழுக்கத் தொடங்குகிறது. இரு பக்கமும் சம பலம் வந்ததும் கயிறு அசையாமல் நிற்கிறது. "முன்ன மாதிரி இப்ப கேக்கறதில்ல, ஆனா போடாம இருக்க முடியல" என்று பலர் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

இப்போது மாத்திரைப் பக்கம் இருப்பவர்கள் திடீரென கயிற்றை விட்டுவிட்டால்? மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மல்லாக்க விழுவார்கள். அடக்குவதற்கு எதுவும் இல்லாமல் நரம்புகள் தறிகெட்டு ஓடுவதுதான் அந்த நடுக்கமும் படபடப்பும் வலிப்பும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் மறுபக்கமும் பிடியைத் தளர்த்தும். யாரும் விழ மாட்டார்கள். படிப்படியாகக் குறைப்பதன் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். மூளைக்குத் தேவைப்படுவது அவகாசம்.

அப்போ இது அடிமைத்தனமா?

இல்லை. பல பேர் மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கே இந்த வெட்கம்தான் காரணம். போதைக்கு அடிமையாவது வேறு, உடல் ஒரு மருந்துக்குப் பழகிப்போவது வேறு. ஏங்கித் தேடுவது, அளவை மீறி எடுப்பது, குடும்பம் வேலை எல்லாம் கெட்டும் விட முடியாமல் இருப்பது ஆகியவை அடிமைத்தனத்தின் அடையாளங்கள். மருத்துவர் சொன்ன அளவைச் சொன்ன நேரத்தில் போட்டவருக்கும் உடல் பழக்கம் வரலாம். அது அவருடைய குணத்தின் குறை அல்ல, மருந்தின் இயல்பு.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் இதைத் தெளிவாகவே சொன்னது. மருத்துவர் சொன்னபடி எடுத்தாலும், தொடர்ந்து சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை எடுத்தாலே உடல் பழகிப்போகலாம் என்று கூறி, இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் குறிப்பிலும் மிகக் கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்க உத்தரவிட்டது. 2019-ல் மட்டும் அமெரிக்காவில் வெளிநோயாளிகளுக்கு ஏறத்தாழ 9.2 கோடி பென்சோடயஸிபைன் மருந்துச்சீட்டுகளுக்கு மருந்து வழங்கப்பட்டதாக அதே அமைப்பு கணக்கிட்டது.

தெரிந்தும் தாமதமான எச்சரிக்கை

இந்தக் கதை 60 ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த குளோர்டயஸிபாக்சைடு, 1960-ல் 'லிப்ரியம்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1963-ல் டயஸிபாம், 'வேலியம்' ஆக வந்தது. அதற்கு முன்பு இருந்த பார்பிச்சுரேட் மாத்திரைகள் அளவு கொஞ்சம் கூடினாலே உயிரைப் பறிக்கக்கூடியவை. அவற்றோடு ஒப்பிட்டால் இவை பாதுகாப்பானவை என்பதால் உலகமே வரவேற்றது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து வேலியம்தான்.

எச்சரிக்கை மணி ஆரம்பத்திலேயே அடித்தது. லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1961-ல் வெளியிட்ட ஆய்வில், மிக அதிக அளவில் சில மாதங்கள் லிப்ரியம் எடுத்த 11 நோயாளிகளுக்கு மருந்து திடீரென நிறுத்தப்பட்டு, வெறும் மாத்திரை தரப்பட்டது. அவர்களில் 10 பேருக்குப் புதிய தொந்தரவுகள் வந்தன. 2 பேருக்கு வலிப்பே வந்தது. ஆனாலும், "அது அதிக அளவு எடுத்தவங்களுக்குத்தானே" என்ற எண்ணம் நீண்ட காலம் நீடித்தது.

அந்த எண்ணத்துக்குப் பொதுவெளியில் பலத்த அடி கொடுத்தவர்களில் ஒருவர் பார்பரா கார்டன். நியூயார்க்கில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆவணப்படத் தயாரிப்பாளர், விருதுகள் வாங்கியவர். பல ஆண்டுகள் மருத்துவர் கொடுத்த வேலியத்தை எடுத்துவந்தவர், ஒருநாள் மொத்தமாக நிறுத்தினார். மனநிலை முற்றிலும் நிலைகுலைந்து மனநல மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைக்குப் போனார். 1979-ல் அவர் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1982-ல் அது திரைப்படமாகவும் வந்தது. படித்த, வெற்றிகரமான ஒரு பெண்ணுக்கே இப்படி நடக்கும் என்று அமெரிக்க வீடுகளுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பிரிட்டனில் 1988-ல் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு மட்டும், அதுவும் 2 முதல் 4 வாரங்கள் வரை மட்டுமே இவற்றைக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. "பத்து நாளைக்கு" என்று சொல்லித் தொடங்கும் மாத்திரை ஏன் பத்து நாளில் முடிய வேண்டும் என்பதற்கான காரணம் இதுதான்.

நிறுத்தும்போது என்னவெல்லாம் வரலாம்?

எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. எவ்வளவு அளவு, எத்தனை காலம், எந்த மருந்து, எவ்வளவு வேகமாக நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். பரவலாகத் தெரிபவை:

• தூக்கமின்மை, கெட்ட கனவுகள்
• முன்பைவிட அதிகமான பதற்றம், எரிச்சல், காரணமில்லாத அழுகை
• கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு
• தசை இறுக்கம், தலைவலி, வயிற்றுப் பிரட்டல்
• வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, காதில் இரைச்சல்
• சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போன்ற உணர்வு

இவை எப்போது தொடங்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். அல்பிரஸோலம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம்தான் ஆகும். அதனால் விட்ட ஓரிரு நாளிலேயே தொந்தரவு தெரியும். குளோனஸிபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். டயஸிபாம் உடலில் உடைந்து உருவாகும் துணைப்பொருளையும் சேர்த்தால் பல நாட்கள் தங்கும். "விட்டு நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகல" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுபவருக்கு ஒரு வாரம் கழித்தும் தொடங்கலாம் என்பதற்கு இதுதான் காரணம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது அல்லது குரல் கேட்பது, நாள் நேரம் ஆள் தெரியாத குழப்பம், கடும் நடுக்கத்துடன் காய்ச்சல், தற்கொலை எண்ணம் ஆகியவை வந்தால் 108-ஐ அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய நோய் திரும்பி வந்துவிட்டதா?

குறைக்கத் தொடங்கியவர்களைப் பின்வாங்க வைக்கும் கேள்வி இதுதான். பதற்றம் கூடியதும், "நோய் இன்னும் இருக்கு, மாத்திரை ஆயுசுக்கும் வேணும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

வேறுபடுத்திப் பார்க்கச் சில தடயங்கள் உதவும். மாத்திரை குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால், அது குறைத்ததன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு ஒருபோதும் இல்லாத காது இரைச்சல், வெளிச்சக் கூச்சம், தசைத் துடிப்பு போன்றவை சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். நான்கு நாள் மோசம், இரண்டு நாள் பரவாயில்லை, மறுபடி ஒருநாள் மோசம் என்று அலை அலையாக வந்து, வாரங்கள் போகப் போக அலையின் உயரம் குறைவதும் இதன் இயல்பு. பழைய நோய் திரும்புவதாக இருந்தால் பொதுவாக மெதுவாகத் தொடங்கி, பழைய அதே பயங்களோடு, அதே முகத்தோடு வரும், தானாக அடங்காது.

ஆனாலும் இதை வீட்டில் இருந்தபடியே தீர்மானித்துவிட முடியாது. தினமும் இரண்டு வரி எழுதி வைத்தாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்: இன்று எடுத்த அளவு, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன தொந்தரவு. அவ்வளவு போதும்.

சரி, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புபவர்களுக்காகவே ஒரு கிளினிக் நடத்தினார் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். சுமார் 300 நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தில் அவர் எழுதிய கையேடு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அவர் வலியுறுத்திய விஷயம், வேகத்தை மருத்துவரின் அட்டவணை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நோயாளியின் உடல் தாங்கும் வேகம்தான் சரியான வேகம் என்பது. சீக்கிரம் உடலைவிட்டு வெளியேறும் மருந்தை எடுப்பவர்களைப் படிப்படியாக டயஸிபாமுக்கு மாற்றி, பிறகு குறைப்பது அவருடைய வழி. டயஸிபாம் மெதுவாக வெளியேறுவதால் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். இந்த மாற்றத்துக்கான கணக்கு மருத்துவர் மட்டுமே போட வேண்டியது. ஒரு மருந்தின் 1 மில்லிகிராமும் இன்னொன்றின் 1 மில்லிகிராமும் ஒன்றல்ல.

அமெரிக்காவின் போதை மருத்துவச் சங்கம் மற்ற மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எண்களே இருக்கின்றன. உடல் பழகிப்போனவர்களுக்கு ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 2 வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். தினமும் 1 மி.கி. குளோனஸிபாம் எடுப்பவர், ஒவ்வொரு முறையும் அப்போது எடுக்கும் அளவில் 10 சதவீதம் குறைக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 1 என்பது 0.9 ஆகும். பிறகு 0.81, 0.73, 0.66, 0.59, 0.53, 0.48. பாதி அளவுக்குக் கீழே வரவே ஏழு படிகள். 2 வாரத்துக்கு ஒரு படி என்றால் 14 வாரம். 4 வாரத்துக்கு ஒரு படி என்றால் 28 வாரம், அதாவது ஆறு மாதத்துக்கு மேல். இது யாருக்குமான அட்டவணை அல்ல. "ஒரு மாசத்துல விட்டுடலாம்" என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு தவறானது என்பதைக் காட்டும் கணக்கு மட்டுமே.

கடைசிக் கால்வாசிதான் கஷ்டம்

கடையில் கிடைக்கும் குளோனஸிபாமின் மிகச் சிறிய அளவு வழக்கமாக 0.25 மி.கி. 1-லிருந்து 0.75-க்கு வருவது கால்வாசிக் குறைப்பு. 0.5-லிருந்து 0.25-க்கு வருவது பாதிக் குறைப்பு. 0.25-லிருந்து சுத்தமாக விடுவது? நூறு சதவீதம். எண்ணாகப் பார்த்தால் மூன்றுமே அதே கால் மில்லிகிராம்தான். மூளைக்கு அப்படி இல்லை. "இத்துனூண்டு மாத்திரைதானே, இதை விடறதுல என்ன இருக்கு" என்று நினைத்துக் கடைசிப் படியில் தடுக்கி விழுபவர்கள் அதிகம்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் இதை எண்களால் விளக்கினார்கள். சிட்டலோபிராம் 20 மி.கி. எடுத்தால், மூளையில் அது பிடிக்க வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. அளவை நான்கில் ஒரு பங்காக, சுமார் 5 மி.கி. ஆகக் குறைத்தாலும் 60 சதவீதம் அப்படியே இருக்கும். அதாவது முதல் 15 மி.கி. குறைப்பில் விழுவது 20 சதவீதம். மிச்சமிருக்கும் 5 மி.கி.யை ஒரேயடியாக விட்டால் விழுவது 60 சதவீதம். அதனால் கீழே போகப் போக ஒவ்வொரு படியும் சின்னதாக வேண்டும் என்றார்கள். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஒவ்வொரு முறையும் அப்போதைய அளவின் ஒரு பங்கைக் குறைக்கும் முறையையே பேசுகிறது.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளைத் திடீரென விட்டால் தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது போன்ற உணர்வு வரலாம். பென்சோடயஸிபைன் போல வலிப்பு வரும் ஆபத்து பொதுவாக இல்லை. என்றாலும் அவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது.

பலர் செய்யும் தவறுகள்

• ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. குறைப்பது போலத்தான் தோன்றும். உண்மையில் மருந்தின் அளவு ஒருநாள் ஏறி மறுநாள் இறங்கும். சீக்கிரம் வெளியேறும் மருந்து என்றால் ஒவ்வொரு இரண்டாவது நாளும் திடீரென நிறுத்தியதற்குச் சமம். தினமும் கொஞ்சம் குறைவாக எடுப்பதுதான் சரி.

• மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை உடைப்பது. பெயருக்குப் பின்னால் 'எஸ்.ஆர்.' அல்லது 'எக்ஸ்.ஆர்.' என்று இருந்தால் உடைக்கக் கூடாது. மருந்து மொத்தமாக வெளியேறிவிடும்.

• தூக்கம் வரவில்லை என்று மதுவை நாடுவது. மது தொடுவதும் அதே காபாவைத்தான். குறைத்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவது போல. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்தும் உண்டு.

• ஒரு மோசமான இரவுக்காகப் பழைய அளவுக்கே திரும்புவது. தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி, இருக்கும் அளவிலேயே சில வாரம் நிற்கலாம். நிற்பது தோல்வி இல்லை.

• ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோவது. யாரும் திட்டமிடாமல் நடக்கும் 'திடீர் நிறுத்தம்' இப்படித்தான் பெரும்பாலும் நேர்கிறது.

யார் வீட்டில் தாமாகத் தொடங்கவே கூடாது?

வலிப்பு நோய் உள்ளவர்கள், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள், தினமும் மது குடிப்பவர்கள், அதிக அளவில் மாத்திரை எடுப்பவர்கள், வலிக்காக ஓபியாய்டு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கடும் மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ உள்ளவர்கள். இவர்களில் சிலரை மருத்துவமனையில் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கும். வலிப்பு நோய்க்காகவே குளோனஸிபாம் அல்லது குளோபஸாம் எடுப்பவர்களின் கதை முற்றிலும் வேறு. அவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.

வயசானவங்களுக்கு இனி வேண்டாமா?

முதியவர்களுக்குத்தான் இந்த மாத்திரையால் இழப்பு அதிகம். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தடுமாற்றம், விழுந்து இடுப்பெலும்பு முறிவு, மறதி, பகல் முழுக்க மந்தம். இதையெல்லாம் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று குடும்பம் விட்டுவிடுகிறது. மாத்திரைதான் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இத்தனை வயதுக்கு மேல் விட முடியுமா என்ற கேள்விக்கு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 2014-ல் வெளியான அந்த ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 303 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு ஒரு சின்னப் புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டது. மாத்திரையின் ஆபத்து என்ன, 21 வாரங்களில் எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதெல்லாம் படமாக அதில் இருந்தது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேசும்படியும் சொல்லப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது புத்தகம் வாங்கியவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுமையாக நிறுத்தியிருந்தனர். புத்தகம் கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் 5 சதவீதம்தான். சரியான தகவல் கைக்குப் போனாலே எவ்வளவு மாறும் என்பதற்கு இது சாட்சி.

மாத்திரை விட்ட இடத்தை எது நிரப்பும்?

பதற்றம் எதனால் வந்ததோ அது அப்படியே இருக்கும்போது மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நல்ல பலன் தருவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. குறைக்கத் தொடங்கும் முன்பே அதைத் தொடங்குவது நல்லது. மதியத்துக்குப் பிறகு காபி, டீ இல்லாமல் இருப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தினமும் நடப்பது ஆகியவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் இந்த மாதங்களில் இவைதான் தாங்கிப் பிடிக்கும்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். மகளுக்குக் கல்யாணம், வீடு மாற்றம், வேலை மாற்றம் என்று இருக்கும் மாதத்தில் வேண்டாம். ஓரளவு அமைதியான காலமாகப் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. "இன்னுமா விடல?" என்று கேட்பதைவிட "நேத்து தூங்கினியா?" என்று கேட்பது உதவும். இந்தக் காலத்தில் வரும் எரிச்சலும் அழுகையும் அந்த மனிதரின் சுபாவம் அல்ல என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

அல்பிரஸோலம், டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்றவை 2014 மார்ச் 1 முதல் 'ஹெச்1' பட்டியலில் உள்ளன. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்தில் இருக்கும் எச்சரிக்கை இதற்காகத்தான். பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்குவது சட்டத்துக்கும் உடம்புக்கும் சரிவராது. அதே நேரம், கடையில் கொடுக்க மறுத்துவிட்டார்கள் என்று அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அருகில் உள்ள மருத்துவரிடமோ போய் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

• இந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவையா?
• இதில் எத்தனை மருந்து கலந்திருக்கிறது? எதை முதலில் குறைப்பது?
• ஒவ்வொரு படியும் எவ்வளவு? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை?
• கடையில் கிடைக்கும் அளவைவிடச் சிறிய படி தேவைப்பட்டால் என்ன வழி?
• தாங்க முடியாவிட்டால் யாரை, எப்போது அழைப்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் "இப்போதைக்குத் தொடரலாம்" என்று மருத்துவர் காரணத்தோடு சொன்னால் அதுவும் ஒரு நியாயமான முடிவுதான். எல்லோரும் விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் விட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் செய்யக் கூடாதது, இருக்கும் அட்டையைத் தூக்கி எறிவது. அந்த அட்டையும் தேதி போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும்தான் மாத்திரையிலிருந்து வெளியே வரும் வழி தொடங்கும் இடம்.

உதவி தேவைப்படுபவர்கள் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் உள்ளது.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் எந்த மாத்திரையின் அளவையும் மாற்றக் கூடாது.)